கலிபோர்னியாவின் தங்க வழி: புல்லும் தண்ணீரும் போட்ட பாதை

அமெரிக்கத் தங்க வேட்டை என்றதும் மனசில் ஒரு படம் ஓடும். வெள்ளைத் துணி போர்த்திய வண்டிகள், அவற்றை நாலுகால் பாய்ச்சலில் இழுக்கும் குதிரைகள், குன்றின் மேலிருந்து அம்பு விடும் பழங்குடிகள், வண்டிகளை வட்டமாக நிறுத்திவிட்டுத் துப்பாக்கியால் சுடும் ஆண்கள். டப்பிங் செய்த கௌபாய் படங்கள் நமக்குக் கொடுத்த படம் இது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வண்டிகளில் பெரும்பாலானவற்றை இழுத்தவை மாடுகள். ஆட்கள் வண்டிக்குப் பக்கத்தில் நடந்து போனார்கள். வழியில் செத்தவர்களில் பெரும்பாலோர் நோயில் செத்தார்கள். வண்டிகளை வட்டமாக நிறுத்தியது பெரும்பாலும் ராத்திரியில் மாடுகள் ஓடிப்போகாமல் அடைத்து வைக்க.

இந்தப் பாதை ஏன் அங்கே போனது, ஏன் குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் போனது, ஏன் சிலர் சுலபமாகப் போய்ச் சேர்ந்து சிலர் வழியிலேயே மாண்டார்கள் என்பதைப் புரிந்துகொள்ளத் தங்கத்தைப் பற்றி அதிகம் தெரிய வேண்டாம். புல்லைப் பற்றித் தெரிந்தால் போதும்.

எங்கிருந்து எங்கே

இதன் பெயர் கலிபோர்னியா வழித்தடம். வழித்தடம் என்றால் யாரும் போட்ட சாலை இல்லை. முன்னால் போன வண்டிகளின் சக்கரத் தடங்களைப் பார்த்துப் பின்னால் வந்த வண்டிகள் போன வழி. சமவெளியில் அது ஒரே கோடாகக்கூட இருக்காது. புழுதிக்குப் பயந்து வண்டிகள் பக்கவாட்டில் விலகி விலகிப் போனதால் சில இடங்களில் பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடந்தது. பாறையும் ஆறும் நெருக்கும் இடங்களில் மட்டும் எல்லா வண்டிகளும் ஒரே தடத்தில் போக வேண்டியிருந்தது. வயோமிங் மாநிலத்தில் கர்ன்சி என்ற ஊருக்குப் பக்கத்தில் மணற்பாறையையே சக்கரங்கள் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு அறுத்திருக்கின்றன. இன்றும் போய்ப் பார்க்கலாம்.

கிழக்கு முனையில் மிசௌரி ஆற்றங்கரை ஊர்கள்: இன்டிபென்டன்ஸ், செயின்ட் ஜோசப், கவுன்சில் பிளஃப்ஸ். மேற்கு முனையில் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ பள்ளத்தாக்கு. நடுவில் சுமார் 3,200 கி.மீ.

தங்கத்துக்காகவே இந்தப் பாதை உருவானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1841-லேயே பைட்வெல்–பார்ட்டில்சன் குழு என்ற ஒரு சிறு கூட்டம் நிலம் தேடிக் கலிபோர்னியாவுக்குக் கிளம்பியது. வழி தெரியாமல் வண்டிகளைப் பாதியில் போட்டுவிட்டு நடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரே பெண், நான்சி கெல்சி, கைக்குழந்தையோடு சியெரா நெவாடா மலையைத் தாண்டினார். வண்டிகளோடு அந்த மலையைத் தாண்டிய முதல் குழு 1844-இல் போனது. அதற்கும் முன்னால் தோல் வேட்டைக்காரர்கள் இந்த வழிகளில் அலைந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் முன்னால் பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாக நடந்த தடங்கள்தான் இவை.

தங்கம் கிடைத்தது 1848 ஜனவரி 24-ஆம் தேதி. கொலோமா என்ற இடத்தில் ஜான் சட்டர் என்பவருக்காக மர அறுவை ஆலை கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல், ஆலையின் நீர்க்கால்வாயில் மின்னிய துணுக்குகளைப் பார்த்தார். அந்த ஆண்டு இந்தத் தரை வழியாகக் கலிபோர்னியா போனவர்கள் சுமார் 400 பேர். மறு ஆண்டு 25,000. அதற்கு அடுத்த ஆண்டு 44,000. இதே காலத்தில் கப்பலில் தென் அமெரிக்காவின் கீழ் முனையைச் சுற்றியும், பனாமா நிலத்தைக் குறுக்கே கடந்தும் இன்னொரு பெருங்கூட்டம் போனது. ஆகவே தங்கம் தேடிப் போன எல்லோரும் கூண்டு வண்டியில் போனார்கள் என்பதும் பாதி உண்மைதான்.

புல்தான் பெட்ரோல்

ஒரு காரில் 3,200 கி.மீ. போக வேண்டும். டேங்க்கில் ஒரு நாளைக்கான பெட்ரோல் மட்டுமே பிடிக்கும். வழியில் பங்க்குகள் உண்டு, ஆனால் அவை மே மாதம் திறந்து இலையுதிர் காலத்தில் மூடிவிடும். முன்னால் போன கார்கள் தீர்த்துவிட்டால் உங்களுக்கு இல்லை. தங்க வழியின் நிலைமை இதுதான். கார் என்பது மாடு, பெட்ரோல் என்பது புல்.

தீவனத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஒரு பெரிய எருது நாளைக்குச் சுமார் 10 கிலோ உலர் தீவனம் தின்னும். ஒரு வண்டிக்கு ஆறு எருதுகள் என்றால் 60 கிலோ. வண்டி தாங்கும் பாரம் ஏறத்தாழ ஒரு டன். ஆட்களுக்கு ஒரு பிடி மாவுகூட ஏற்றாமல் வண்டி முழுக்க வைக்கோலே அடைத்தாலும் பதினாறு, பதினேழு நாளில் காலி. பயணமோ நான்கு முதல் ஐந்து மாதம். ஆகவே மாடு தன் சாப்பாட்டை வழியிலேயே மேய்ந்துதான் ஆக வேண்டும்.

இதிலிருந்து பயண நாட்காட்டி தானாகவே வந்துவிடுகிறது. சமவெளியில் பனி உருகிப் புல் தலைகாட்டுவது ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில். அதற்கு முன்னால் கிளம்பினால் மாடு பட்டினி. மறுமுனையில் சியெரா நெவாடா மலையில் அக்டோபர் கடைசி, நவம்பருக்குள் கணவாய் பனியில் மூடிவிடும். அதற்குப் பிறகு போய்ச் சேர்ந்தால் வழி கிடையாது. இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் 3,200 கி.மீ. நடந்து முடிக்க வேண்டும்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் போல்க் தங்கச் செய்தியை நாடாளுமன்றத்தில் உறுதிப்படுத்தியது 1848 டிசம்பர் 5-இல். நாடே பைத்தியம் பிடித்ததுபோல் ஆனது. ஆனாலும் தரை வழியாகப் போக நினைத்தவர்கள் உடனே ஓடவில்லை. மிசௌரிக் கரை ஊர்களில் வந்து குவிந்து, கூடாரம் போட்டு, புல் முளைப்பதற்காகக் காத்திருந்தார்கள். அவசரக்காரர்கள் கப்பல் ஏறினார்கள்.

வண்டியும் மாடும்

படங்களில் வரும் பிரம்மாண்ட வண்டிகள் வேறு. அவை கிழக்கே நல்ல சாலைகளில் சரக்கு ஏற்றியவை. இந்தப் பாதையில் போனவை சாதாரணப் பண்ணை வண்டிகள். மூன்று மீட்டருக்குச் சற்றே நீளமான மரப்பெட்டி, மேலே வளைத்த மரக்கம்புகள், அதன்மேல் எண்ணெய் பூசிய தடித்த துணி. குலுக்கலைத் தாங்கும் வில் (ஸ்பிரிங்) கிடையாது. உட்கார்ந்து போனால் குடல் குலுங்கும். அதனால் நோயாளிகளும் சிறு குழந்தைகளும் தவிர மற்றவர்கள் நடந்தார்கள். எருதுகளுக்குக் கடிவாளமும் இல்லை. ஓட்டுபவர் இடப்பக்கமாக நடந்துகொண்டே சவுக்கையும் குரலையும் வைத்து ஓட்டினார். நாளைக்கு 20 முதல் 25 கி.மீ. போனால் நல்ல நாள்.

எருது மெதுவாகப் போகும். ஆனால் விலை மலிவு, வறட்டுப் புல்லையும் தின்று தாக்குப்பிடிக்கும், கடைசியில் பசி வந்தால் அதையே சாப்பிடலாம். கோவேறு கழுதை வேகமானது, விலை அதிகம், முரண்டு வேறு. குதிரைக்குத் தானியம் போடாமல் இவ்வளவு தூரம் கடுமையாக வேலை வாங்க முடியாது. அதனால்தான் எருதுகளே அதிகம் போயின.

சக்கரம் ஒரு தனித் தலைவலி. மேற்கே போகப் போகக் காற்று வறண்டுபோகும். மரம் சுருங்கும். இரும்புப் பட்டை தளர்ந்து கழன்று விழும். ராத்திரியில் சக்கரத்தைக் கழற்றி ஆற்றில் ஊறப்போடுவார்கள், அல்லது பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் ஆப்பு அடிப்பார்கள். மாட்டுக் குளம்பும் தேயும். பிளவுபட்ட குளம்பு என்பதால் ஒரு காலுக்கு இரண்டு லாடம். லாடம் அடிக்கும்போது எருது குதிரையைப் போல மூன்று காலில் நிற்காது என்பது மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அதைச் சாய்த்தோ தூக்கிக் கட்டியோதான் அடிக்க வேண்டும்.

பாரம்தான் முதல் பயணிகள் செய்த பெரிய தவறு. ஆளுக்கு 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு உப்புக்கண்டம் போட்ட பன்றி இறைச்சி, 20 பவுண்டு சர்க்கரை, 10 பவுண்டு காப்பி என்று அந்தக் கால வழிகாட்டி ஒன்று பட்டியல் போட்டது. இதற்குமேல் இரும்பு அடுப்பு, அலமாரி, பட்டறைச் சாமான், தங்கம் சலிக்கும் இயந்திரங்கள் என்று ஏற்றினார்கள். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி ஃபோர்ட் லாரமி வருவதற்குள் மாடுகள் எலும்பும் தோலுமாகிவிடும். 1849-இல் அந்தக் கோட்டைக்குப் பக்கத்தில் பன்றி இறைச்சி விறகு அடுக்கியதுபோல் குவிந்து கிடந்தது. விற்க ஆள் தேடினாலும் வாங்குவார் இல்லை. எல்லோரும் வீசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வண்டியை மாடு இழுக்கிறது, மாட்டைப் புல் இழுக்கிறது, புல்லுக்கு ஒரு பருவம் உண்டு. பாரம் கூடினால் மாடு தளரும். மாடு தளர்ந்தால் நாள் தள்ளும். நாள் தள்ளினால் மலையில் பனி. இனி, அந்தப் புல் எங்கே இருந்தது என்று பார்க்கலாம்.

ஆறு போன வழியே

வறண்ட நிலத்தில் புல் இருப்பது தண்ணீர் ஓரத்தில். ஆகவே பாதை ஆற்றைப் பிடித்துக்கொண்டே போனது. முதல் பகுதி பிளாட் ஆறு. ஆழமில்லாத, அகலமான, சேறு கலந்த ஆறு. படகு விட லாயக்கில்லை. ஆனால் கரை மட்டமானது, மேற்கு நோக்கி நேராகப் போகிறது. மரம்தான் இல்லை. அடுப்பு எரிக்க? காட்டெருமைச் சாணம். வெயிலில் தானாகவே காய்ந்த வறட்டி அது. முதலில் முகம் சுளித்த பெண்கள் இரண்டு வாரத்தில் மடி நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள்.

பிளாட்டையும் அதன் உபநதியான ஸ்வீட்வாட்டரையும் பிடித்துக்கொண்டு போனால் சவுத் பாஸ் என்ற கணவாய். கண்டத்தின் நீர்பிரிமேடு இங்கேதான். ஒரு பக்கம் பெய்யும் மழை ஒரு கடலுக்கும் மறுபக்கம் பெய்யும் மழை வேறு கடலுக்கும் போகும்படி பிரிக்கும் உயர்நிலத்துக்குத்தான் நீர்பிரிமேடு என்று பெயர். ராக்கி மலைத்தொடரின் மற்ற இடங்களில் அது செங்குத்தான சிகரம். இங்கே 2,260 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் பல கிலோமீட்டர் அகலமான, மெல்லச் சரியும் வெட்டவெளி. எப்போது ஏறினோம், எப்போது இறங்கத் தொடங்கினோம் என்று பலருக்குத் தெரியவே இல்லை. இந்த ஒரு இடம் இல்லாவிட்டால் வண்டிப் பாதையே கிடையாது என்று சொல்லலாம்.

அதற்குப் பிறகுதான் விஷயம் கடினமாகிறது. சியெரா நெவாடா மலை பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றைத் தடுத்து, தன் மேற்குச் சரிவிலும் உச்சியிலும் கொட்ட வைக்கிறது. கணவாய்களில் ஒரு குளிர்காலத்துக்கு ஒன்பது, பத்து மீட்டர் பனி பெய்வது சாதாரணம். மலைக்குக் கிழக்கே மிஞ்சுவது காய்ந்த காற்று. இப்படி மலை மறைப்பதால் மழை கிடைக்காத நிலத்தை மழை மறைவுப் பகுதி என்கிறோம். பயணிகள் பயந்த பாலையையும் பனியையும் உண்டாக்கியது ஒரே மலைதான்.

அந்த வறண்ட நிலத்துக்குக் குறுக்கே ஏறத்தாழ 500 கி.மீ. கூட வருகிறது ஹம்போல்ட் ஆறு. பயணக் குறிப்புகளில் இந்த ஆற்றைத் திட்டாதவர்கள் குறைவு. போகப் போக வற்றும், உப்புக் கரிக்கும், கரையில் காரத் தண்ணீர்க் குட்டைகளைக் குடித்து மாடுகள் சாகும். 1850-இல் நேர்மாறாக ஆறு பெருக்கெடுத்து, கரைப் புல்வெளி முழுகிவிட்டது. ஆட்கள் தண்ணீரில் இறங்கிப் புல் அறுத்து மாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் இந்த ஆறு இல்லாமல் இன்றைய நெவாடா மாநிலத்தைத் தாண்ட முடியாது. கடைசியில் அது கடலுக்குப் போகாமல் மண்ணிலேயே மறைந்துவிடுகிறது. சுற்றிலும் மேடு, வெளியேற வழி இல்லாத பெரும் பள்ளம் அது. வடிகாலற்ற படுகை என்பார்கள். விழும் தண்ணீர் ஆவியாகலாம், மண்ணுக்குள் போகலாம், வேறு போக்கிடம் இல்லை.

ஆறு மறையும் இடத்திலிருந்து அடுத்த ஆறான ட்ரக்கி அல்லது கார்சன் வரை சுமார் 65 கி.மீ. நல்ல தண்ணீரும் இல்லை, புல்லும் இல்லை. நாற்பது மைல் பாலை என்று பெயர். தீவனம் சுமக்க முடியாது என்று மேலே சொன்னேன் அல்லவா? இந்த ஒரு இடத்துக்காக மட்டும் சுமந்தார்கள். இன்று லவ்லாக் என்ற ஊர் இருக்கும் புல்வெளியில் இரண்டு மூன்று நாள் தங்கி, மாடுகளைத் தேற்றி, புல் அறுத்துக் காயவைத்துக் கட்டி, பாத்திரம் பீப்பாய் எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பி, பெரும்பாலும் இரவில் கிளம்பினார்கள். புல் தீர்ந்தபின் வந்தவர்களின் கதி வேறு. 1850-இல் எடுத்த ஒரு கணக்கு இந்தப் பாலையில் 1,061 கோவேறு கழுதைகள், ஏறத்தாழ 5,000 குதிரைகள், 3,750 மாடுகளின் பிணங்களையும் 953 கல்லறைகளையும் சொல்கிறது.

ட்ரக்கி ஆற்றை வண்டிக்காரர்களுக்குக் காட்டியவர் பையூட் என்ற பழங்குடியைச் சேர்ந்த ஒரு முதியவர். 1844-இல் போன குழுவுக்கு, மேற்கே மலையிலிருந்து இறங்கும் ஆறு உண்டு என்று தரையில் கோடு கிழித்துக் காட்டினார். அவர் பெயராக அவர்கள் புரிந்துகொண்டதையே ஆற்றுக்கு வைத்தார்கள்.

குறுக்கு வழி ஆசை

நாள் கணக்கில் ஓடும் பயணத்தில் குறுக்கு வழி என்றால் யாருக்கும் ஆசை வரும். லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் (வங்காளத்தை ஆண்டவர் இல்லை, இவர் வேறு) பெரிய உப்பு ஏரிக்குத் தெற்கே ஒரு நேர்வழி உண்டு என்று அச்சில் பரப்பினார். மேலே சொன்ன மாவு, இறைச்சிப் பட்டியலும் இவருடையதுதான். அந்த வழியில் தண்ணீரில்லாத தூரம் 65 கி.மீ. போல என்பது அவர் பேச்சு. உண்மையில் அதைப்போல இரண்டு மடங்கு. 1846-இல் டானர் குழு அதை நம்பிப் போனது. மலைக்காட்டில் வண்டிக்கு வழி வெட்டியே நாட்கள் போயின, உப்புப் பாலையில் மாடுகள் போயின. பழைய பாதையில் மற்றவர்கள் எப்போதோ கடந்துவிட்ட மலை அடிவாரத்துக்கு இவர்கள் வந்து சேர்ந்தபோது பனி விழுந்துவிட்டது. 87 பேரில் சுமார் 40 பேர் அந்தக் குளிர்காலத்தில் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் இறந்தவர்களின் உடலைத் தின்று பிழைத்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் கடைசிப் பகுதியின் பயங்கரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது தேதி. அவர்கள் அழிவு நவம்பரில் வரவில்லை. ஜூலைக் கடைசியில், வழி பிரியும் ஃபோர்ட் பிரிட்ஜரில், எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுத்தபோதே வந்துவிட்டது.

கொன்றது எது

1840 முதல் 1860 வரை, ஆரெகன், கலிபோர்னியா வழித்தடங்களில் பழங்குடிகள் கொன்ற பயணிகள் 362 பேர் என்றும், பயணிகள் கொன்ற பழங்குடிகள் 426 பேர் என்றும் வரலாற்றாசிரியர் ஜான் அன்ரூ கணக்கிட்டார். வழியில் இறந்த மொத்தப் பேரில் பத்தில் ஒன்பது பேர் இறந்தது நோயால். அதில் முதலிடம் காலராவுக்கு.

1848 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸில் கப்பல் வழியாக வந்து இறங்கிய காலரா, நீராவிப் படகுகளோடு மிசிசிப்பியில் மேலேறி, தங்கம் தேடுவோர் குவிந்திருந்த மிசௌரிக் கரைக்கு வந்தது. காலரா நோயாளியின் கழிவு கலந்த தண்ணீரால் பரவும். புல்லும் தண்ணீரும் இருக்கும் இடத்தில்தான் தங்க முடியும் என்பதால் நேற்று ஒரு கூட்டம் தங்கிய அதே கரையில் இன்று இன்னொரு கூட்டம் தங்கியது. அதே ஆழமில்லாத ஊற்றுக் குழியில் தண்ணீர் மொண்டது. காலராவைக் கிருமிதான் உண்டாக்குகிறது என்பது அப்போது பயணிகள் யாருக்கும் தெரியாது. காலையில் வயிறு போக ஆரம்பித்தவர் சாயங்காலம் புதைக்கப்பட்டார். ஃபோர்ட் லாரமி தாண்டி உயரமான நிலத்துக்குப் போனதும் நோய் தணிந்தது.

அந்தப் புல் யாருடையது

இந்தப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிளாட் கரையின் புல் பானி, லகோட்டா, ஷயன் மக்களின் குதிரைகளுக்கும் அவர்கள் வேட்டையாடிய காட்டெருமைகளுக்கும் உணவு. ஹம்போல்ட் கரையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஷோஷோனி, பையூட் மக்கள் புல் விதைகளையே சேகரித்துச் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு கோடையிலும் ஆயிரக்கணக்கான மாடுகள் வந்து அவர்களுடைய தானியத்தை மேய்ந்துவிட்டுப் போயின. பிறகு அவர்கள் மாட்டைப் பிடித்துத் தின்றால் திருட்டு என்று பயணிகள் சுட்டார்கள்.

1851-இல் ஃபோர்ட் லாரமியில் ஓர் ஒப்பந்தம். வழித்தடத்தில் பயணிகளை விட்டால் ஆண்டுக்கு 50,000 டாலர் மதிப்புள்ள பொருட்கள், 50 ஆண்டுகளுக்கு. செனட் சபை அந்த 50-ஐப் 10 ஆண்டாகக் குறைத்தது. 1854 ஆகஸ்டில் பயணி ஒருவரின் மாடு வழிதவறி லகோட்டா முகாமுக்குள் போக, அதை ஒருவர் கொன்றார். தலைவர் கான்கரிங் பேர் ஈடு கொடுக்க முன்வந்தார். இளம் அதிகாரி கிராட்டன் ஏற்காமல் பீரங்கியோடு போனார். கடைசியில் அந்தத் தலைவரும், கிராட்டனும், உடன் போன 29 வீரர்களும் பிணமானார்கள். ஒரு நொண்டி மாட்டுக்காகத் தொடங்கிய சண்டை என்று பாடநூல்கள் எழுதும். மாடு அங்கே எதைத் தின்ன வந்தது என்று எழுதுவதில்லை.

எரிபொருள் மாறியபோது

1869 மே 10-இல் யூட்டாவின் பிராமன்டரி உச்சியில் இரண்டு ரயில் பாதைகள் இணைந்தன. நான்கு மாதப் பயணம் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் அடங்கியது, வண்டிகள் குறைந்துபோயின. ரயில் பழைய பாதையின் மேலேயே போடப்பட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. நெவாடாவில் அது ஹம்போல்ட் ஆற்றை விடவில்லை, ஏனென்றால் நீராவி எஞ்சினுக்கும் தண்ணீர் வேண்டும். சியெராவிலும் 1844-இன் வண்டிகள் ஏறிய ட்ரக்கி வழியாகத்தான் போனது. ஆனால் வயோமிங்கில் ரயில்காரர்கள் சவுத் பாஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் தெற்கே, புல் குறைந்த, வண்டிக்காரர்கள் பெரும்பாலும் தவிர்த்த வறண்ட நிலம் வழியாகப் போனார்கள். அந்த வழியில் தூரம் குறைவு. கார்பன், ராக் ஸ்பிரிங்ஸ் என்ற இடங்களில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே நிலக்கரியும் கிடைத்தது.